டோர்ஃபாவில் முடிவெடுப்பவர் யார்?

அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸைப் பற்றி எழுதுவோரிடையே ஏறக்குறைய எவரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்ட கருத்து ஒன்று உண்டு. சூப்பர்மேன் ஓர் அகதி. வெடித்துச் சிதறிய கிரிப்டான் கோளிலிருந்து தப்பி வந்த குழந்தையை உழவர் தம்பதியர் எடுத்து வளர்த்தனர். வளர்ந்த பிள்ளை தன்னை ஏற்றுக்கொண்ட நாட்டையும் உலகையும் காத்து நிற்கிறான். ஆகவே இந்தக் கலைவடிவம் பிறந்த நாள்தொட்டே அகதிகளின் பக்கம் நின்று வந்திருக்கிறது என்பதே அக்கருத்து. இதனோடு ஒட்டி வரும் துணைக் கருத்தும் ஒன்றுண்டு. வேற்றுக்கிரக அகதிகளைக் காக்கும் கதையில் நாயகியின் சொந்தத் துயரங்களைக் கலப்பது கதையை நீர்த்துப்போகச் செய்கிறது, அகதிகளின் பெருந்துன்பம் ஒருத்தியின் மனச்சோர்வுக்குப் பின்னணித் திரையாகச் சுருங்கிவிடுகிறது என்று சொல்லப்படுகிறது. இவ்விரு கருத்துகளும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. ஒரு கதை அகதியின்மீது எவ்வளவு இரக்கத்தை எழுப்புகிறது என்பதைக் கொண்டு அதன் தகுதியை அளப்பதே அந்த வேர். அகதிகளின் வாழ்வை ஆண்டுகொண்டிருக்கும் கேள்வியோ வேறு: அவர்கள் எங்கே வாழ்வது, எப்போது வெளியேறுவது, எந்த நிலத்தைத் தமதென்று சொல்வது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் யார்? அந்தக் கேள்வியைச் சூப்பர்மேன் கதை ஒருமுறையும் கேட்டதில்லை. கெல்லி சூ டிகானிக் எழுதி, டேவிட் லோபஸ் வரைந்து, 2014-இல் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட 'கேப்டன் மார்வெல்' தொடரின் முதல் ஆறு இதழ்கள் அதைக் கேட்டன. நாயகியின் சொந்தத் துயரம் இல்லாமல் அவற்றால் அதைக் கேட்டிருக்கவே முடியாது.

சூப்பர்மேனை அகதியாக வாசிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதை மறைப்பது நேர்மையாகாது. அவனைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் பிள்ளைகள். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938 ஜூன் மாதத் தேதியைத் தாங்கியது. அடுத்த மாதமே, நாஜி ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களை யார் ஏற்பது என்று பேசுவதற்காகப் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, அநேகமாக அனைத்தும் கைவிரித்துக் கலைந்தன. அமெரிக்காவிலோ, ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஆண்டுக்கு இத்தனை பேர்தான் குடியேறலாம் என்று உச்சவரம்பு விதித்து, கிழக்கு, தெற்கு ஐரோப்பியரின் வருகையைக் கடுமையாகக் குறைத்த 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 1939-இல் 900-க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு வந்த 'செயின்ட் லூயிஸ்' கப்பல் கியூபாவாலும் அமெரிக்காவாலும் கனடாவாலும் ஏற்கப்படாமல் ஐரோப்பாவுக்கே திரும்பிற்று. இத்தகைய காலத்தில், வானிலிருந்து வந்த அந்நியன் ஒருவனை அமெரிக்கா வாரி அணைப்பதாகக் குடியேறிகளின் பிள்ளைகள் இருவர் கற்பனை செய்ததில் ஓர் ஏக்கம் இருந்திருக்கலாம். ஆனால் படைத்தவர்களின் ஏக்கம் வேறு, படைப்பு சொல்லும் செய்தி வேறு.

அகதி யார் என்பதற்கு 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை ஒரு வரையறையைத் தந்திருக்கிறது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க ஆதாரமுள்ள அச்சத்தால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரும், அந்நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவருமே அகதி. இயற்கைப் பேரழிவிலிருந்து தப்பிய குழந்தை இந்தச் சொற்களுக்குள் அடங்காது என்று வாதிடுவது சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடும் வாதம். அதைவிட ஆழமான குறை கதையின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. சூப்பர்மேன் தனியாக வருகிறான். தாய்மொழி பேசத் தெரியாத வயதில் வருகிறான். ஊர் நினைவு இல்லை, உடன் வந்த உறவு இல்லை, அழைத்துக்கொள்ள வேண்டிய மனைவி மக்கள் இல்லை. தோற்றத்தில் அவனைச் சுற்றியுள்ள வெள்ளை அமெரிக்கரிலிருந்து மயிரிழை வேறுபாடும் இல்லை. எந்த அதிகாரியின் முன்னும் அவன் நின்றதில்லை. எந்த விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டதில்லை. உண்மையில் இது ஒரு தத்தெடுப்புக் கதை. தத்தெடுக்கும் வீட்டுக்கு அந்தக் குழந்தை கொண்டுவருவது வரவு மட்டுமே. செலவு எதுவும் இல்லை. அதோடு, மலையைத் தூக்கும் வலிமையும் அவனிடம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவனை ஏற்றுக்கொண்டதற்காக ஒரு நாட்டைப் பாராட்டும் கதை, அகதிகளை ஏன் ஏற்க வேண்டும் என்பதற்குச் சொல்லாமல் சொல்லும் காரணம் ஒன்றுதான்: அவர்கள் நமக்குப் பயன்படுவார்கள். பயன்படாத கிழவிக்கும், நோயாளிக்கும், புதிய மொழி நாவில் ஏறாத நடுவயதுக்காரருக்கும் அந்தக் கதையில் இடம் இல்லை.

இந்தக் குறை தற்செயலானதன்று என்பதை 1986-இல் ஜான் பைர்ன் 'மேன் ஆஃப் ஸ்டீல்' தொடரில் சூப்பர்மேனின் பிறப்பைத் திருத்தி எழுதிய விதம் காட்டுகிறது. அந்தத் திருத்தத்தின்படி கிரிப்டானிலிருந்து வந்த விண்கலம் ஒரு செயற்கைக் கருப்பை. குழந்தை அதிலிருந்து வெளிப்பட்டதே பூமிக்கு வந்த பிறகுதான். பண்ணை வீட்டைச் சுற்றிப் பனி மூடி மாதக்கணக்கில் யாரும் வந்து போகாத குளிர்காலத்தைப் பயன்படுத்திக்கொண்டு, கென்ட் தம்பதியர் அவனைத் தம் வயிற்றில் பிறந்த பிள்ளை என்றே ஊருக்கு அறிவிக்கிறார்கள். பிற்பாடு 1991-இல் வந்த ஒரு கதையில், கலம் திறந்த இடம் அமெரிக்க மண் என்பதால் அவன் அமெரிக்காவில் பிறந்தவனே என்றும், நாட்டின் அதிபராகவும் தகுதியுள்ளவன் என்றும் காட்டப்படுகிறது. அகதிகளின் தலைமகன் என்று போற்றப்படும் கதாபாத்திரத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைத் தேடிக் கொடுத்த பிறகே அவனைப் படைத்த துறையினர் நிம்மதி அடைந்தார்கள் என்றால், அந்தக் கதை அந்நியனை அந்நியனாகவே ஏற்கக் கற்றுத்தருகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

விதிவிலக்கு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஜீன் லுவென் யாங் எழுதி, குரிஹிரு என்ற ஜப்பானிய ஓவியர் இணையர் வரைந்து, 2019-இல் வெளிவரத் தொடங்கிய 'சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த க்ளான்' மிகச் சிறந்த படைப்பு. 1946-இல் வானொலியில் ஒலிபரப்பான சூப்பர்மேன் தொடர் ஒன்றைத் தழுவிய அந்தக் கதையில், மெட்ரோபோலிஸ் நகருக்குக் குடிபெயரும் சீன அமெரிக்கரான லீ குடும்பத்தை வெள்ளை நிறவெறிக் கும்பல் தாக்குகிறது. ஆனால் அதன் வெற்றிக்குக் காரணம் சூப்பர்மேன் அகதி என்ற பழைய வாய்பாடு அல்ல. தன் உடலில் ஒளிந்திருக்கும் வேற்றுக்கிரக இயல்பைக் கண்டு சூப்பர்மேன் அஞ்சுகிறான். பறக்கத் தெரிந்தும் பறக்காமல் தரையிலேயே ஓடுகிறான். தன்னை மறைத்துக்கொள்வதன் வலியை லீ குடும்பத்துச் சிறுமியிடமிருந்தே அறிந்துகொள்கிறான். அதாவது, நாயகனின் சொந்தப் போராட்டம் உள்ளே வந்த பின்னரே பழைய கதைக்கு உயிர் வந்தது. நடைமுறையிலுள்ள கருத்தை ஆதரிப்போர் தம் தரப்புச் சான்றாகக் காட்டும் இந்த நூலே அவர்களுடைய துணைக் கருத்தை முறியடித்துவிடுகிறது.

தனித்து வந்த குழந்தையைத் தேவதூதனாக்கிய அதே துறை, கூட்டமாக வந்தவர்களை என்னவாக்கியது என்பதையும் பார்க்க வேண்டும். மார்வெல் கதைகளில் உருமாறும் ஆற்றல் கொண்ட ஸ்க்ரல் இனத்தார் 1962-இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இரண்டாம் இதழில் அறிமுகமானார்கள். அந்த இதழின் முடிவில், பிடிபட்ட ஸ்க்ரல்கள் பசுக்களாக உருமாற்றப்பட்டு, தாம் யார் என்பதையே மறக்கடிக்கப்பட்டு, மேய்ச்சல் நிலத்தில் விடப்படுகிறார்கள். அதைக் கதை ஒரு நல்ல முடிவாகவே சொல்கிறது. 1983-இல் அவர்களுடைய தலைமைக் கோளை, கோள்களை விழுங்கும் கலாக்டஸ் அழித்துவிடுகிறான். வீடிழந்த அந்த இனம் 2008-இல் 'சீக்ரெட் இன்வேஷன்' தொடரில் திரும்பி வந்தபோது, அண்டை வீட்டாரைப் போல் வேடமிட்டு நாட்டுக்குள் ஊடுருவிய பகைவர்களாக வந்தது. புதிதாக வந்தவன் நம்மைப் போலவே தோன்றுகிறான், ஆகவே அவனை நம்பாதே என்பதே அத்தொடர் வாசகரின் மனத்தில் விதைத்த அச்சம். கிரிப்டான் அழிந்தபோது கண்ணீர் விட்ட துறை, ஸ்க்ரல்களின் கோள் அழிந்தபோது அவர்களை ஊடுருவல்காரர்களாக்கியது. சூப்பர்மேனுக்குக் கிடைத்த வரவேற்பும் ஸ்க்ரல்களுக்குக் கிடைத்த வெறுப்பும் ஒரே நியாயத்தின் இரு விளைவுகள். வந்தவன் தன் மக்களை இழந்து தனியாக வந்தால் ஏற்கலாம், மக்களோடு வந்தால் ஏற்கக் கூடாது என்பதே அந்த நியாயம்.

2019-இல் வெளியாகித் தமிழ் மொழிமாற்றத்திலும் திரையிடப்பட்ட 'கேப்டன் மார்வெல்' திரைப்படம் இந்த வழக்கத்தை மாற்ற முயன்றது. அதில் ஸ்க்ரல்கள் க்ரீ பேரரசால் வேட்டையாடப்படும் அகதிகள். அவர்களுக்கு வீடு தேடித் தருவதாக வாக்களித்துவிட்டே படம் முடிகிறது. அந்த வாக்குறுதி என்னவாயிற்று என்பதைச் சொல்ல வந்த 2023-ஆம் ஆண்டின் 'சீக்ரெட் இன்வேஷன்' தொலைக்காட்சித் தொடரில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருந்தும் வீடு கிடைக்காத ஸ்க்ரல்களில் ஒரு பிரிவினர் ரஷ்யாவில் கதிர்வீச்சால் கைவிடப்பட்ட அணுவுலை வளாகத்தில் தங்கியிருக்கிறார்கள். கதிர்வீச்சு அவர்களைப் பாதிக்காது என்று கதை ஒரு காரணமும் சொல்லிவிடுகிறது. அவர்களுடைய கோபம் நியாயமானது என்று தொடங்கும் தொடர், கோபப்பட்டவர்களைப் பயங்கரவாதிகளாக்கி முடித்துக்கொள்கிறது. நான்கே ஆண்டுகளில் அகதி மீண்டும் ஊடுருவல்காரன் ஆகிவிட்டான். இரக்கத்தின்மேல் கட்டப்பட்ட கதைக்கு இதுவே கதி. எழுதுபவரின் மனம் மாறினால் இரக்கமும் போய்விடும்.

டிகானிக்கின் கதை இந்த இரண்டு வழிகளிலும் செல்லவில்லை. அண்டப் போர் ஒன்றில் தங்கள் கோள் அழிந்தபின் உயிர் தப்பிய நோலேனியர் என்னும் மக்கள், ஸ்பார்டாக்ஸ் பேரரசின் ஆளுகைக்குட்பட்ட டோர்ஃபா என்ற கோளில் குடியமர்த்தப்படுகிறார்கள். கதை தொடங்கும்போது அங்கே இனம் தெரியாத நோய் பரவிக்கொண்டிருக்கிறது. நிலமே நஞ்சாகிவிட்டது, ஆகவே அனைவரும் மீண்டும் வெளியேற வேண்டும் என்கிறான் ஸ்பார்டாக்ஸ் மன்னன் ஜே'சன். டோர்ஃபாவிலிருந்து புறப்பட்ட டிக் என்ற இளம்பெண் பூமியில் வந்து விழ, அவளைத் திரும்பக் கொண்டு சேர்ப்பதற்காகக் கேரல் டேன்வர்ஸ், அதாவது கேப்டன் மார்வெல், அங்கே போகிறாள். அவளுக்கு அங்கே மாலை மரியாதை எதுவும் காத்திருக்கவில்லை. குடியிருப்பின் தலைவியான எலியானிடிஸ் முதலானோருக்கு அவள் வெளியிலிருந்து வந்த இன்னோர் அதிகாரி, அவ்வளவுதான். தங்களை ஏற்கெனவே ஒருமுறை பெயர்த்து நட்டவர்களின் நல்லெண்ணத்தை அவர்கள் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். பிறகு உண்மை வெளிப்படுகிறது. டோர்ஃபாவின் அடியில் வைப்ரேனியம் என்ற விலைமதிப்பற்ற உலோகம் இருக்கிறது. அதை இரகசியமாகத் தோண்டியெடுக்கும் வேலையே மண்ணையும் மக்களையும் நஞ்சாக்கிக்கொண்டிருக்கிறது. மக்களின் உடல்நலத்துக்காக என்று சொல்லப்பட்ட வெளியேற்றம் உண்மையில் சுரங்கத்துக்காக நிலத்தைக் காலிசெய்யும் ஏற்பாடு.

இது மிகைப்படுத்தப்பட்ட கற்பனை என்று எண்ணுவோர் நடந்தவற்றைப் பார்க்க வேண்டும். 1946 பிப்ரவரியில் பசிபிக் பெருங்கடலின் பிகினி தீவில், ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து கூடியிருந்த மக்களிடம், மார்ஷல் தீவுகளின் அமெரிக்க ராணுவ ஆளுநராக இருந்த பென் வயட், மனிதகுலத்தின் நன்மைக்காகத் தற்காலிகமாக இடத்தை விட்டுத்தருமாறு கேட்டார். அடுத்த மாதம் 167 பேர் ரோங்கெரிக் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே உணவின்றி வாடி, பிறகு கிலி தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1958 வரை பிகினியில் 23 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. இனி ஆபத்தில்லை என்ற உறுதிமொழியை நம்பி 1970-களில் திரும்பிவந்த குடும்பங்கள், உடலில் கதிரியக்கம் ஏறியிருப்பது கண்டறியப்பட்டதால் 1978-இல் மீண்டும் வெளியேற்றப்பட்டன. போ என்பதும், வா என்பதும், மறுபடி போ என்பதும் பிறர் முடிவு. அந்த மக்கள் தலையாட்டியதைப் படம்பிடித்துச் சம்மதம் என்று உலகத்துக்குக் காட்டினார்கள்.

இன்னும் நெருக்கமான ஒப்புமை கொசோவோவில் இருக்கிறது. 1999-இல் போர் முடிந்த கையோடு மித்ரோவிட்சா நகரில் ரோமா மக்கள் வாழ்ந்த பகுதி கொள்ளையிடப்பட்டு எரிக்கப்பட்டது. வீடிழந்தவர்களில் சுமார் 600 பேரை, அப்போது கொசோவோவை நிர்வகித்துவந்த ஐக்கிய நாடுகள் அமைப்பே, ட்ரெப்சா ஈயச் சுரங்கத் தொழிற்கூடத்தின் கழிவு மேடுகளை அடுத்து முகாம்களில் தங்கவைத்தது. சில வாரங்களுக்கு என்று சொல்லப்பட்ட அந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நீண்டது. சிலருக்குப் பத்தாண்டைத் தாண்டியது. அங்கே வளர்ந்த குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. ஈய நஞ்சு வளரும் மூளையைத் தாக்குவது. ஏறிய பின் அதன் தீங்கை முழுமையாக நீக்க மருந்தில்லை. உடனடியாக அவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2004-இலேயே சொல்லியும் முகாம்கள் தொடர்ந்தன. ஐக்கிய நாடுகள் நிர்வாகம் அவர்களுடைய மனித உரிமைகளை மீறியது என்று அதன் ஆலோசனைக் குழுவே 2016-இல் முடிவுசெய்தது. தனிநபர் இழப்பீடு தரப்படவில்லை, விருப்பமுள்ள நாடுகள் பணம் போடலாம் என்று ஓர் அறக்கட்டளை நிதி மட்டும் 2017-இல் அறிவிக்கப்பட்டது. காப்பாற்ற வந்தவர்களின் கையாலேயே நஞ்சு நிலத்தில் குடியமர்த்தப்பட்ட மக்களின் கதையை ஆறு இதழ்களில் குழந்தைகளும் வாசிக்கும்படி சொன்ன காமிக்ஸைச் சாகசக் கதை என்று ஒதுக்கிவிட்டு, சூப்பர்மேனை அகதி இலக்கியத்தின் முன்மாதிரியாக உயர்த்துவது கண்ணிருந்தும் காணாத வாசிப்பு.

டோர்ஃபா கதையில் இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியேற்றத்துக்கு ஜே'சன் சொல்லும் காரணமே இரக்கம்தான். அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையம் நிலையான தீர்வுகள் என்று மூன்றைச் சொல்கிறது: சொந்த நாட்டுக்குத் தன்விருப்பத்தோடு திரும்புதல், அடைக்கலம் தந்த நாட்டின் சமூகத்தோடு கலந்துவிடுதல், மூன்றாம் நாடொன்றில் குடியமர்தல். இவற்றில் முதலாவதற்கு மட்டும் 'தன்விருப்பத்தோடு' என்ற நிபந்தனை வெளிப்படையாக வைக்கப்பட்டது, விருப்பத்தைக் கேட்காமல் பிறர் முடிவெடுப்பது எவ்வளவு எளிதாக நடந்துவிடும் என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு. டோர்ஃபா மக்கள் வெளியேற மறுக்கிறார்கள். அந்த மறுப்பு அறிவுடையதா என்று வாசகர் ஐயப்படவும் கதை இடம் தருகிறது, ஏனெனில் நோய் பொய்யன்று. ஆனால் கேரல் பேரரசின் போர்க்கப்பல்களுக்கு முன்னால் போய் நிற்பது, தங்குவதே சரி என்று அவள் கண்டுபிடித்துவிட்டதால் அன்று. தங்குவதாக அவர்கள் முடிவெடுத்துவிட்டதால். தன் வலிமையை அவள் அவர்களுடைய முடிவுக்குக் கடனாகக் கொடுக்கிறாள். சூப்பர் ஹீரோ கதைகளில் இது அரிதினும் அரிது. பிறருக்கு எது நல்லது என்று தெரிந்தவர் என்ற தகுதியினாலேயே ஒருவர் நாயகராகும் மரபு அது.

இங்கேதான் சொந்தத் துயரம் பற்றிய துணைக் கருத்து முற்றாகச் சரிந்துவிடுகிறது. கேரல் ஏன் அப்படி நடந்துகொள்கிறாள் என்ற கேள்விக்கு விடை அவளுடைய வரலாற்றில் இருக்கிறது. 1980-இல் வெளியான 'அவெஞ்சர்ஸ்' 200-ஆவது இதழில் அவள் தன் விருப்பமின்றிக் கருவுறுகிறாள். அதற்குக் காரணமான மார்கஸ் என்பவன், எந்திரங்களின் துணையால் தான் அவள் மனத்தை வசப்படுத்தியதை ஒப்புக்கொண்ட பிறகும், அவள் மனமொப்பி அவனோடு போவதாக நம்பித் தோழர்கள் வழியனுப்பி வைக்கிறார்கள். பெரும் கொடுமை ஒன்றைக் காதல் கதையாகச் சொல்லிக் கடந்துபோன இதழ் அது. அடுத்த ஆண்டே கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய 'அவெஞ்சர்ஸ்' பத்தாவது ஆண்டிதழில் கேரல் அந்தத் தோழர்களை நேருக்கு நேர் குற்றம் சாட்டுகிறாள். அதே இதழில் ரோக் என்பவள் கேரலின் ஆற்றலையும் நினைவுகளையும் பறித்துக்கொள்கிறாள். நினைவுகள் பின்னர் பெருமளவு மீட்டுத் தரப்பட்டாலும் அவற்றோடு ஒட்டியிருந்த உணர்ச்சிகள் திரும்புவதில்லை. தன்மேல் அக்கறையுள்ளவர்களே தனக்காக முடிவெடுத்துத் தன்னைத் தொலைத்ததைத் தன் உடலில் அனுபவித்தவள் கேரல். டோர்ஃபா மக்களின் மறுப்பைக் கேட்கத் தெரிந்த காது அவளுக்கு அங்கிருந்து வாய்த்தது என்று வாசிப்பதற்கு மிக வலுவான காரணம் இருக்கிறது.

2013-இல் டிகானிக் இந்த இழப்பை மறுபடியும் நிகழ்த்துகிறார். மூளையில் ஏற்பட்ட சிதைவினால் பறக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட கேரல், யான்-ரோக் என்ற பகைவனிடமிருந்து நியூயார்க்கைக் காப்பதற்காகப் பறந்து, தன் நினைவுகளை இழக்கிறாள். அதற்குப்பின் அவளுக்கு வீடாக அமைவது சுதந்திரதேவி சிலையின் மகுடம். கிட் என்ற சிறுமி அங்கே வந்து, கேரல் யார், என்னவெல்லாம் செய்தாள் என்பதைக் கேரலுக்கே பாடமாகச் சொல்லித்தருகிறாள். தன் வாழ்க்கை வரலாற்றைப் பிறர் வாயால் கேட்டு, அது தன்னுடையதுதான் என்று நம்ப முயன்றுகொண்டிருக்கும் ஒருத்தியையே ஆசிரியர் டோர்ஃபாவுக்கு அனுப்புகிறார். ஊரும் உறவும் போன பிறகு தாங்கள் யார் என்பதை மறுபடி கட்டிக்கொண்டிருக்கும் மக்களுக்கு நடுவே, அதே வேலையைத் தனியாளாகச் செய்துகொண்டிருப்பவள் வந்து இறங்குகிறாள். கிரிப்டானை நினைவில் கொள்ளாமலே வளர்ந்த சூப்பர்மேனுக்கு இழப்பு என்பது கேள்விப்பட்ட செய்தி. கேரலுக்கோ அது தினமும் கண்விழிக்கும்போது எதிரே நிற்கும் வெற்றிடம். இந்தத் துயரத்தைக் கதையிலிருந்து உருவிவிட்டால் மிஞ்சுவது இன்னொரு வலிமைசாலி, இன்னொரு போர், இன்னொரு மீட்பு.

சொந்தத் துயரம் அகதிகளை விழுங்கிவிடும் கதைகள் இல்லையா என்றால், உண்டு. மார்கரெட் ஸ்டோல் எழுதி 2017-இல் தொடங்கிய 'த மைட்டி கேப்டன் மார்வெல்' அதற்கு உதாரணம். பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்துக்கு அடைக்கலம் தேடி வரும் வேற்றுக்கிரகவாசிகள், அந்நிலையத்தின் தளபதியாகக் கேரல், முந்தைய ஆண்டு இறந்துபோன காதலன் ரோட்ஸின் நினைவில் அவள் படும் வேதனை என்று அத்தொடருக்கும் எல்லாக் கூறுகளும் வாய்த்திருந்தன. ஆனால் அங்கே அகதிகள் எதையும் முடிவுசெய்வதில்லை; அவர்கள் காக்கப்படுகிறார்கள், கடத்தப்படுகிறார்கள், மீட்கப்படுகிறார்கள். கேரலின் துயரம் அவர்களோடு அவள் கொள்ளும் உறவை மாற்றுவதும் இல்லை. இந்தத் தொடரின் தோல்வியைக் கண்டு சொந்தத் துயரத்தின்மேல் பழி போடுவது நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுவது. முடிவெடுக்கும் உரிமை அகதிகளின் கையிலிருந்து நழுவிய இடத்தில்தான் அந்தக் கதை தளர்ந்தது.

மீட்பர் மரபு பற்றிய மறுப்பு இவற்றைவிடக் கனமானது. வெள்ளைத்தோல் அமெரிக்கப் படை அதிகாரி ஒருத்தி விண்வெளியிலிருந்து வந்துதான் நோலேனியர் தங்கள் நிலத்தைக் காத்துக்கொள்ள முடிகிறது என்பது கசப்பான உண்மை. அட்டைப்படங்கள் அவளுக்கே உரியவை. நோலேனியரின் மொழி, சடங்கு, இழந்த கோளின் வரலாறு எதற்கும் ஆறு இதழ்களில் போதிய பக்கம் கிடைக்கவில்லை. அவள் புறப்பட்டதும் கதையும் அவளோடு புறப்பட்டுவிடுகிறது, நஞ்சேறிய உடல்கள் பின்னர் என்னவாயின என்று பார்க்க யாரும் பின்தங்கவில்லை. இந்தக் குற்றச்சாட்டின் பெரும்பகுதியை ஏற்கத்தான் வேண்டும். எனினும் அது டோர்ஃபா கதையைவிடச் சூப்பர்மேன் கதையை மேலானதாக்குவதில்லை. மீட்பரையும் அகதியையும் ஒரே உடலுக்குள் அடைத்துவிட்ட சூப்பர்மேன் கதையில், மீட்பரை எதிர்த்துப் பேசக்கூடிய அகதி என்று ஒருவர் இருக்கவே வழியில்லை. எலியானிடிஸ் இருக்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், அவள் மக்களின் முடிவே நிறைவேறுகிறது. மீட்பர் மரபைக் குறை கூறுவதற்கு வேண்டிய அளவுகோலையே இந்தக் கதைதான் வாசகரின் கையில் தருகிறது.

டிகானிக்கின் படைப்பின்மேல் வைக்கத்தக்க உண்மையான குற்றச்சாட்டு வேறொன்று இருக்கிறது. சூப்பர்மேனின் புகழ் பாடுவோர் அதை இதுவரை எழுப்பாதது வியப்பில்லை, எழுப்பினால் அது அவர்கள் பக்கமே திரும்பும். டிக் பூமிக்கு வந்துவிட்டாள். அடைக்கலத்தின் சின்னமாக அமெரிக்கா உலகத்துக்குக் காட்டும் சிலையின் தலைக்குள்ளேயே குடியிருக்கும் கேரல், நோய் பரவிக்கொண்டிருக்கும் கோளுக்கு அவளைத் திரும்பக் கொண்டுபோய்விடப் புறப்படுகிறாள். டிக்கின் மனம் தன் மக்களிடமே இருந்தது என்பது சரியான பதில்தான். ஆனால் அவளும் அவளைச் சேர்ந்தோரும் பூமியில் தங்க விரும்பினால் அதற்கு இடமுண்டா என்று ஒரே ஒரு கட்டத்திலாவது கேட்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்பார்டாக்ஸ் பேரரசின் பொய்யை அவ்வளவு துணிவாகத் தோலுரித்த கதை, பூமியில் எத்தனை பேருக்கு இடம் என்ற கணக்கை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது. டோர்ஃபா மக்கள் தங்கள் நிலத்திலேயே தங்க முடிவெடுத்ததால் அந்தக் கணக்கைப் போட வேண்டிய நெருக்கடி பூமிக்கு வரவில்லை.